டெராரியாவில் காசு எங்கே போகணும்: ரீஃபோர்ஜுக்கா, அக்சசரிக்கா, அடுத்த நிறத்துக்கா?

டெராரியா ஆட்டத்தில் காசு வாங்கிக்கொண்டு பொருட்களை ரீஃபோர்ஜ் செய்துதரும் கோப்ளின் டிங்கரர் வீட்டில் குடியேறிய அன்றே இந்தக் குழப்பம் ஆரம்பமாகிவிடும். ரீஃபோர்ஜ் என்றால் பொருளின் மாடிஃபையரை, அதாவது பெயரோடு ஒட்டி அதன் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் அடைமொழியை, ஏதோ ஒன்றாக மாற்றுவது. கையில் ஒரு பச்சை நிறப் பெயருள்ள துப்பாக்கி, பெட்டியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வாள், பையில் எழுபது எண்பது தங்கம். இருப்பதையே ரீஃபோர்ஜ் செய்து நிறத்தை ஏற்றலாமா, அக்சசரிகளை (இறக்கை, பூட்ஸ் போல மாட்டிக்கொள்பவை) சரி பண்ணலாமா, இல்லை காசைத் தொடாமல் அடுத்த நிறத்து ஆயுதத்தைத் தேடிப் போகலாமா? மூன்றும் சரியான விடைதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்தில். தப்பான நேரத்தில் தேர்ந்தெடுத்தால் இரண்டு பிளாட்டினம் (ஒரு பிளாட்டினம் 100 தங்கம்) போன சுவடு தெரியாது.

இங்கே வரும் எண்களெல்லாம் 1.4 வரிசைப் பதிப்புகளுக்கானவை.

## முதலில், நிறம் எதைச் சொல்கிறது?

பெயரின் நிறம்தான் ரேரிட்டி. உள்ளே அது வெறும் எண். சாம்பல் -1, வெள்ளை 0, நீலம் 1, பச்சை 2, ஆரஞ்சு 3, வெளிர்சிவப்பு 4, ரோஸ் 5, வெளிர் ஊதா 6, எலுமிச்சைப் பச்சை 7, மஞ்சள் 8, சியான் 9, சிவப்பு 10, ஊதா 11. வரிசைக்கு வெளியே எக்ஸ்பர்ட் (கடின நிலை உலகம்) பொருட்களுக்கு வானவில் நிறம், மாஸ்டர் (அதைவிடக் கடினம்) பொருட்களுக்குத் தீச்சிவப்பு, குவெஸ்ட் மீன்களுக்கு அம்பர்.

'ரேரிட்டி' என்ற பெயரே ஆளை ஏமாற்றும். அது பொருள் எவ்வளவு அரிதாகக் கிடைக்கும் என்பதைச் சொல்வதில்லை. ராட் ஆஃப் டிஸ்கார்ட் சாதாரண உலகில் கேயாஸ் எலிமென்டல் என்ற எதிரியிடமிருந்து 500-ல் 1 வாய்ப்பில்தான் விழும், அதன் நிறம் எலுமிச்சைப் பச்சை, அதாவது 7. சோலார் எரப்ஷனை 18 சோலார் ஃபிராக்மென்ட் இருந்தால் ஏன்ஷியன்ட் மேனிபுலேட்டரில் யாரும் செய்துகொள்ளலாம், அதிர்ஷ்டமே தேவையில்லை. அதன் நிறம் சிவப்பு, 10. பெரும்பாலான ஸ்லைம்களிடம் 10,000-ல் 1 வாய்ப்பில் கிடைக்கும் ஸ்லைம் ஸ்டாஃப் சிவப்பின் பக்கத்தில்கூட வராது.

நிறம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பொருள் ஆட்டத்தின் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்பது. வெளிர்சிவப்பு என்றால் ஹார்ட்மோடின் (ஆட்டத்தின் கடினமான இரண்டாம் பாதி) தொடக்கம். ரோஸ், மெக்கானிக்கல் பாஸ்கள் (பாஸ் என்றால் பெரிய எதிரி) இருக்கும் பகுதி. எலுமிச்சைப் பச்சை குளோரோஃபைட், பிளான்டெரா பக்கம். சியானும் சிவப்பும் லூனார் தூண்கள், மூன் லார்ட் பக்கம். இதுவும் குத்துமதிப்புதான். கோபால்ட், மித்ரில், அடமன்டைட் உலோகங்கள் மூன்றும் ஏறுவரிசையில் மூன்று படிகள், மூன்றுக்கும் ஒரே வெளிர்சிவப்பு. நிறத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த இரண்டு ஏற்றங்களும் கண்ணிலேயே படாது.

நிறத்துக்கு ஆட்டத்தில் நேரடியாக ஒரு வேலை உண்டு. கீழே விழுந்த வெள்ளைப் பொருள், சில விலக்குகள் தவிர, லாவாவில் எரிந்துபோகும். நீலமும் அதற்கு மேலும் எரியாது. மாடிஃபையர் ஏறி நீலமான வெள்ளை ஆயுதமும் தப்பிக்கும். சாஃப்ட்கோரில் (செத்தால் காசு மட்டும் போகும் முறை) இது பெரிய விஷயமில்லை. மீடியம்கோரில் செத்தால் எல்லாம் கீழே கொட்டும், அதுவும் அண்டர்வேர்ல்டில் என்றால் இந்த ஒரு படி வித்தியாசம் முக்கியம்.

## மாடிஃபையர் நிறத்தை எப்படி மாற்றுகிறது

ஒவ்வொரு மாடிஃபையருக்கும் ஆட்டம் உள்ளே ஒரு பெருக்கெண் போடுகிறது. டேமேஜ், வேகம், நாக்பேக் (எதிரியைப் பின்னே தள்ளும் வலு), கிரிட் (இரட்டை அடி விழும் வாய்ப்பு) என அது தரும் ஒவ்வொன்றும் அந்தப் பெருக்கலில் சேரும். அந்த எண் 1.2-ஐத் தொட்டால் நிறம் இரண்டு படி ஏறும், 1.05-ஐத் தொட்டால் ஒரு படி. 0.95-க்கு இறங்கினால் ஒரு படி கீழே, 0.8-க்கு இறங்கினால் இரண்டு படி கீழே. அதே எண்ணின் வர்க்கம்தான் பொருளின் விலையைப் பெருக்கும்.

இதிலிருந்து இரண்டு சங்கடங்கள் வருகின்றன.

முதலாவது, இரண்டு படி ஏறிவிட்டதால் அது சிறந்த மாடிஃபையர் ஆகிவிடாது. டெமோனிக்கின் எண் 1.265, லெஜண்டரியின் எண் 1.76. இரண்டும் +2-தான்.

இரண்டாவது இதைவிட மோசம். உங்களுக்கு மிகவும் தேவையானது நிறத்தை ஏற்றாமலே இருக்கலாம். பிக்காக்ஸுக்கு எல்லோரும் தேடுவது லைட்: 15% வேகம் கூடும், நாக்பேக் 10% குறையும். அதன் பெருக்கெண் 1.035, அதனால் நிறம் அசையாது. 'நிறம் மாறவில்லையே' என்று இன்னொரு முறை அழுத்தி அதைத் தொலைத்தவர்கள் ஏராளம். மினியன் (நமக்காகச் சண்டையிட அழைக்கும் துணை) ஆயுதங்களில் டேமேஜுக்குச் சிறந்தது ரூத்லெஸ், 18% கூடும். எண் 1.062, ஏறுவது ஒரே ஒரு படி. மேஜிக் ஆயுதங்களில் லெஜண்டரிக்கு இணையான மித்திகல் இரண்டு படி ஏறி மின்னும், தருவதோ 15%. மினியன்களுக்குக் கிரிட்டும் இல்லை, மானா மிச்சத்தால் பெரிய பலனும் இல்லை.

எனவே மாடிஃபையரின் பெயரைப் படியுங்கள், நிறத்தை நம்பாதீர்கள். எக்ஸ்பர்ட் பொருட்களில் நம்பவும் முடியாது, எதை ஏற்றினாலும் வானவில் வானவில்லாகவே இருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு கேள்விகள் போதும்.

1. எவ்வளவு காலம் நிற்கும்? நாளைக்கே மூட்டை கட்டப்போகும் ஆயுதத்துக்கு இன்று செலவு செய்வது வீண்.
2. மொத்தச் செலவு என்ன? ஒரு முறைக்கான விலையை எத்தனை முறை தேவைப்படும் என்பதோடு பெருக்கிப் பாருங்கள். பலர் முதல் எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள்.
3. எண்ணில் எவ்வளவு கூடுகிறது? சதவீதத்தை மட்டும் பார்க்காமல் முழு எண்ணாக எழுதிப் பாருங்கள்.
4. அடுத்த பொருளுக்குக் கூடவே வருமா? பெரும்பாலும் வராது. இதை மறப்பதால்தான் அதிக நஷ்டம்.

செலவுக் கணக்கு இப்படி: ரீஃபோர்ஜ் விலை பொருளின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. விற்றால் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு. அதாவது, கடைக்காரர் தரும் விற்பனை விலையை 1.67-ஆல் பெருக்கினால் ஒரு ரீஃபோர்ஜின் விலை. மதிப்பு என்பது *இப்போது ஏறியிருக்கும்* மாடிஃபையரையும் சேர்த்துத்தான். வெறும் பொருளுக்கு ஒரு முறை 10 தங்கம் என்றால், அதில் காட்லி ஏறியபின் அடுத்த முறைக்கு 21 தங்கம், லெஜண்டரி ஏறியபின் 31 தங்கம். நல்லதை விட்டுவிட்டு இன்னும் நல்லதைத் தேடும்போது விலையும் கூடும், கையில் இருந்ததும் போகும்.

## வழி 1: கையில் உள்ள ஆயுதத்தை ரீஃபோர்ஜ் செய்வது

ஆயுத மாடிஃபையரின் பலம், அது அடிப்படை டேமேஜையே மாற்றுவது. கவசமும் போஷனும் தரும் சதவீதங்கள் அதற்கு மேலே பெருகும். அக்சசரியின் 4% மற்ற போனஸ்களோடு கூட்டலில் கரைந்துவிடும், ஆயுதத்தின் 15% கரையாது.

பலவீனம், முழு எண்ணாக்கும் கணக்கு. மினிஷார்க் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ம்ஸ் டீலரிடம் 35 தங்கம், பச்சை நிறம், டேமேஜ் 6. டெமோனிக் ஏறினால் 15% கூடி 6.9, அதாவது 7. மஸ்கட் பாலின் 7 தனியாகச் சேரும், அதை ஆயுத மாடிஃபையர் தொடாது. மொத்தம் 13 இருந்தது 14 ஆனது. ஏட்டில் 15%, கையில் 7.7%. கூடவே கிரிட் 5% உண்டு என்பதால் எல்லாம் சேர்த்து 13% பக்கம் வரும். நிறமோ பச்சையிலிருந்து இரண்டு படி தாவி, அடமன்டைட் பொருட்களின் வெளிர்சிவப்பில் நிற்கும். இதற்காக ஒவ்வொரு முறைக்கும் 11 தங்கம் 66 வெள்ளி. நடுவில் 1.6 மடங்கு மதிப்புள்ள ஏதாவது ஏறிவிட்டால் அடுத்த முறை 18 தங்கத்துக்கு மேல்.

டேமேஜ் சிறியதாகவும் வேகம் பெரியதாகவும் இருக்கும் ஆயுதங்களில் வேக மாடிஃபையரைக் கவனியுங்கள். மினிஷார்க்கின் யூஸ் டைம் (ஒரு முறை சுடப் பிடிக்கும் நேரம்) 8. ராபிட் ஏறினால் 6.8, அதை முழு எண்ணாக்கினால் 7. ஒரே நேரத்தில் 14% அதிகக் குண்டுகள், டெமோனிக்கைவிடச் சற்று மேல். குண்டும் அதே அளவு வேகமாகத் தீரும் என்பது அதன் மறைமுகச் செலவு. மினிஷார்க்குக்கு நாக்பேக்கே கிடையாது என்பதால் நாக்பேக்கை மாற்றும் எந்த மாடிஃபையரும் அதில் ஏறாது. அன்ரியல், காட்லி இரண்டும் வராதவை. அவற்றுக்காகக் காத்திருந்து காசைக் கொட்டுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

எத்தனை முறை அழுத்த வேண்டியிருக்கும் என்பது ஆயுத வகையைப் பொறுத்தது. வீசும் வாள்களுக்கு 40 மாடிஃபையர்கள் கலந்த தொகுப்பு, லெஜண்டரி அதில் ஒன்று. சராசரியாக 40 முறை. 90% நிச்சயம் வேண்டுமென்றால் 90 முறைக்குக் காசு வைத்திருக்க வேண்டும். ஈட்டி, ஃபிளெயில், யோயோ, பூமராங் வகைகளுக்குப் பொதுத் தொகுப்பு மட்டும், 14 மாடிஃபையர்கள். அதில் காட்லியும் டெமோனிக்கும் டேமேஜிலும் கிரிட்டிலும் சமம். வித்தியாசம் நாக்பேக் மட்டும். இரண்டில் எது வந்தாலும் சரி என்று முடிவெடுத்தால் 7-ல் 1 வாய்ப்பு, 15 முறைக்குள் 90% நிச்சயம். காட்லிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அதே நிச்சயத்துக்கு 31 முறை. நாக்பேக்குக்கு அசையாத பாஸ்களிடம் அந்தப் பிடிவாதத்துக்குப் பலன் எதுவுமில்லை.

வாளிலும் இதே பொறுமை உதவும். லெஜண்டரிக்கும் காட்லிக்கும் டேமேஜ் ஒன்று, கிரிட் ஒன்று. லெஜண்டரி கூடுதலாகத் தருவது 10% வேகமும் 10% அளவும். கடைசி வரை வைத்திருக்கப்போகும் வாளுக்கு அது தேவை. இடைக்கால வாளுக்குக் காட்லியோ டெமோனிக்கோ வந்தவுடன் கையை எடுத்துவிடுங்கள்.

மினியன் ஆட்டக்காரர்களுக்கு ஒன்று: ரீஃபோர்ஜ் செய்தபின் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் மினியன் பழைய டேமேஜிலேயே இருக்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி அழைக்க வேண்டும்.

இது சரியான வழி: ஆயுதத்தின் டேமேஜ் குறைந்தபட்சம் 25 இருக்கும்போது, அடுத்த பெரிய ஆயுதத்துக்கு நடுவில் இரண்டு மூன்று பாஸ்கள் பாக்கி இருக்கும்போது, அல்லது அது ஜெனித் போன்ற இறுதி ஆயுதமாக இருக்கும்போது.

## வழி 2: அக்சசரிகளை ரீஃபோர்ஜ் செய்வது

அக்சசரி தொகுப்பில் 19 மாடிஃபையர்கள். கெட்டது ஒன்றுகூடக் கிடையாது. உச்சத்தில் இருப்பவை ஆறு: வார்டிங் (டிஃபென்ஸ் 4), மெனசிங் (டேமேஜ் 4%), லக்கி (கிரிட் 4%), வயலன்ட் (மெலீ, அதாவது கைச்சண்டை ஆயுத, வேகம் 4%), குயிக் (நடை வேகம் 4%), ஆர்க்கேன் (மானா 20). இவற்றில் ஆர்க்கேன் மட்டும் நிறத்தை ஒரு படிதான் ஏற்றும், மற்ற ஐந்தும் இரண்டு படி. டிஃபென்ஸ் 3 தரும் ஆர்மர்ட் ஒரே படி ஏற்றும்.

இந்த வழியின் பெரிய நன்மை ஆயுள். ஆயுதம் மாறிக்கொண்டே இருக்கும். நல்ல இறக்கைகளும் பூட்ஸும் பல பாஸ்களுக்குக் கூடவே வரும்.

செலவைப் போட்டுப் பார்ப்போம். 19 மாடிஃபையர்களின் விலைப் பெருக்கத்தின் சராசரி ஏறக்குறைய 1.28. ஒரு அக்சசரி வெறுமனே 1 தங்கத்துக்கு விற்கும் என்றால் அடிப்படை ரீஃபோர்ஜ் 1.67 தங்கம், நடைமுறையில் சராசரியாக 2.13 தங்கம். வார்டிங்கே வேண்டுமென்றால் 19 முறை, 40 தங்கம். ஐந்து அக்சசரிக்கு 2 பிளாட்டினம். 3 தங்கத்துக்கு விற்கும் ஹார்ட்மோடு அக்சசரி என்றால் ஒன்றுக்கே 121 தங்கம், ஐந்துக்கு 6 பிளாட்டினம்.

இது சராசரிதான். 19 முறை அழுத்தியும் வராமல் போக 36% வாய்ப்பு இருக்கிறது. 90% நிச்சயத்துக்கு 43 முறை வேண்டும். ஆனால் 'வார்டிங் அல்லது ஆர்மர்ட்' என்று இலக்கை விரித்தால் அதே நிச்சயத்துக்கு 21 முறை போதும். ஒரு டிஃபென்ஸை விட்டுக்கொடுத்தால் செலவு பாதி. நடு ஆட்டத்தில் இதைவிட நல்ல பேரம் கிடையாது.

வார்டிங்கா மெனசிங்கா என்பது உலகத்தின் கடினத்தைப் பொறுத்தது. ஒரு டிஃபென்ஸ் புள்ளி சாதாரண உலகில் அரை டேமேஜையும், எக்ஸ்பர்ட்டில் முக்கால் டேமேஜையும், மாஸ்டரில் ஒரு முழு டேமேஜையும் தடுக்கும். ஐந்து வார்டிங் 20 டிஃபென்ஸ். அதாவது ஒவ்வொரு அடியிலும் முறையே 10, 15, 20 குறையும். எக்ஸ்பர்ட்டில் உங்களுக்கு 40 டிஃபென்ஸ் இருக்கிறது என்று வையுங்கள். 100 டேமேஜ் அடி 70-ஆக விழுந்துகொண்டிருந்தது, இனி 55. அதே நேரத்தில் 50 டேமேஜ் அடி 20-ஆக விழுந்தது, இனி 5. சின்னச் சின்ன அடிகள் நிறைய வாங்குபவருக்கு வார்டிங் வரப்பிரசாதம். ஒரே பெரிய அடியில் சாகிறவர்களுக்கு அது அவ்வளவு உதவாது, தப்பிக்கக் கற்பதுதான் வழி.

மெனசிங்கைப் பற்றி: கவசத்திலிருந்து 30% டேமேஜ் போனஸ் ஏற்கெனவே இருந்தால், ஐந்து மெனசிங்கின் 20% உண்மையில் தருவது 1.5-ஐ 1.3-ஆல் வகுத்தால் வருவது, 15%-க்குச் சற்று மேல். லக்கியோடு ஒப்பிட எளிய விதி உண்டு. உங்கள் மொத்த டேமேஜ் போனஸ் சதவீதம் கிரிட் சதவீதத்தைவிட அதிகமா? லக்கி. குறைவா? மெனசிங். டேமேஜ் 30%, கிரிட் 14% என்றால் ஒரு மெனசிங் 3.1%, ஒரு லக்கி 3.5%. மினியனை நம்பி ஆடுபவர் லக்கியைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

மறைமுகச் செலவு டிங்கரர் மேசையில் ஒளிந்திருக்கிறது. இரண்டு அக்சசரிகளை டிங்கரர்ஸ் வொர்க்‌ஷாப்பில் இணைத்தால் இரண்டின் மாடிஃபையர்களும் போய்விடும், புதியதுக்கு ஏதோ ஒன்று தானாக வரும் அல்லது வெறுமனே நிற்கும். ஹெர்மஸ் பூட்ஸுக்கு வார்டிங் ஏற்றிவிட்டு, மறுநாள் அதை ராக்கெட் பூட்ஸோடு இணைத்து ஸ்பெக்டர் பூட்ஸ் செய்தால் நேற்றைய காசு காற்றில் போச்சு. இணைக்க வேண்டியதையெல்லாம் இணைத்து முடித்த பிறகே சுத்தியலை எடுக்கச் சொல்லுங்கள்.

இது சரியான வழி: மேம்படுத்த இனி எதுவும் இல்லாத அக்சசரி இரண்டு மூன்று சேர்ந்தவுடன். எக்ஸ்பர்ட்டிலும் மாஸ்டரிலும் இதைச் சற்று முன்னதாகவே தொடங்கலாம். அங்கே டிஃபென்ஸுக்கு மதிப்பும் அதிகம், அக்சசரி இடங்களும் ஐந்துக்கு மேல் போகும்.

## வழி 3: ரீஃபோர்ஜை விட்டு அடுத்த கட்ட ஆயுதத்துக்குப் போவது

மினிஷார்க்கின் டேமேஜ் 6, மெகாஷார்க்கின் டேமேஜ் 25. எந்த மாடிஃபையராலும் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது. தேவையானவை மினிஷார்க் 1, இல்லீகல் கன் பார்ட்ஸ் 1, ஷார்க் ஃபின் 5, சோல் ஆஃப் மைட் 20. கன் பார்ட்ஸை ஆர்ம்ஸ் டீலரிடம் இரவில் வாங்கலாம், ஃபின் கடலில் சுறாக்களிடமிருந்து வரும், சோல்களுக்கு ஒரு டெஸ்ட்ராயரைக் கொன்றால் போதும். குண்டைச் சேமிக்கும் வாய்ப்பும் 33%-லிருந்து 50%-ஆக ஏறும்.

அந்த மினிஷார்க்கின் மேல் எத்தனை தங்கம் கொட்டியிருந்தாலும் செய்முறையில் அது வெறும் மினிஷார்க்தான். அதில் ஏறியிருந்த ராபிட்டோ டெமோனிக்கோ மெகாஷார்க்குக்கு வராது. நைட்ஸ் எட்ஜுக்குப் போகும் முராமாசா, டெர்ரா பிளேடுக்குப் போகும் வாள்கள் எல்லாவற்றுக்கும் இதே விதி. ஜெனித்துக்குத் தேவையான பத்து வாள்களில் ஒன்று வெள்ளை நிறக் காப்பர் ஷார்ட்ஸ்வோர்ட். நிறத்தைப் பார்த்து முதல் நாளே அதை விற்றவர்கள் கடைசியில் செம்பு தேடி அலைவார்கள்.

நிறம் ஏறுவதும் பலம் ஏறுவதும் ஒன்றல்ல என்பதுதான் இந்த வழியின் பொறி. ஆரஞ்சிலிருந்து வெளிர்சிவப்புக்குப் போகும்போது வகுப்பும் (மெலீ, மேஜிக் போன்ற ஆயுத வகை) மாறினால், முன்பு வாங்கிய கவசமும் அக்சசரிகளும் பொருந்தாமல் போகும். மெலீ கவசம் போட்டுக்கொண்டு ஒரு நிறம் மேலே உள்ள மேஜிக் ஆயுதத்தைப் பிடித்தால் கணக்கு சில சமயம் கீழேகூடப் போகும். புது ஆயுதம் கெட்ட மாடிஃபையரோடு வந்தால் நிறம் ஒன்றிரண்டு படி இறங்கித் தெரியும், அதைப் பார்த்து அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதற்குச் செய்ய வேண்டிய முதல் ரீஃபோர்ஜ் மலிவாகவே இருக்கும், மதிப்பு குறைந்திருக்கிறது அல்லவா.

இதன் செலவு நேரமும் உயிரும். அடுத்த பாஸிடம் தோற்றுக்கொண்டே இருந்தால் சாதாரண உலகின் சாஃப்ட்கோரில் ஒவ்வொரு சாவுக்கும் பையில் உள்ள காசில் பாதி போகும், எக்ஸ்பர்ட்டில் முக்கால் பங்கு. போகுமுன் காசைப் பிக்கி பேங்கில் போடுங்கள். ரீஃபோர்ஜுக்கு அதை வெளியே எடுக்க வேண்டியதுகூட இல்லை, டிங்கரர் அங்கிருந்தே எடுத்துக்கொள்வார்.

இது சரியான வழி: அடுத்த ஆயுதத்தின் பொருட்கள் ஒரு பாஸ் தூரத்தில் இருக்கும்போது, அல்லது இப்போதைய ஆயுதம் வேறொன்றுக்கு மூலப்பொருளாகப் போகும்போது.

## ஒரே பார்வையில்

| | ஆயுத ரீஃபோர்ஜ் | அக்சசரி ரீஃபோர்ஜ் | அடுத்த கட்டம் |
|---|---|---|---|
| ஆயுள் | ஆயுதம் மாறும் வரை | பல பாஸ்கள் வரை | அடுத்த மேம்பாடு வரை |
| சராசரி முயற்சி | யோயோ, ஈட்டி: 7–14, வாள்: 40 | 19, இலக்கை விரித்தால் 9–10 | பாஸைப் பொறுத்தது |
| கூடும் அளவு | ஏட்டில் 15–18%; சிறிய டேமேஜில் குறைவு | ஒன்றுக்கு 4% அல்லது 4 டிஃபென்ஸ் | பல மடங்குகூட |
| நிறம் | -2 முதல் +2 | +1 அல்லது +2 | இயல்பாக ஏறும். அதே நிறத்திலும் இருக்கலாம் |
| மறைந்த செலவு | நல்லது ஏறினால் அடுத்த முறை 3 மடங்கு வரை | இணைத்தால் மாடிஃபையர் போகும் | சாவு, வகுப்பு மாற்றம், நேரம் |

## காசு குறைவாக இருக்கும்போது

நான்காவதாக ஒரு வழி உண்டு, பலர் அதை எண்ணுவதே இல்லை. அயர்ன்ஸ்கின் போஷன் 8 டிஃபென்ஸ் தரும், இரண்டு வார்டிங் அக்சசரிகளுக்குச் சமம். தேவை ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு டேபுளூம், இரும்பு அல்லது ஈயத் தாது ஒன்று. ராத் போஷன் 10% டேமேஜ், ரேஜ் போஷன் 10% கிரிட். ஒரே ஒரு பாஸ்தான் மறிக்கிறது என்றால் பிளாட்டினத்தைத் தொடுமுன் இவற்றைக் குடித்துப் பாருங்கள்.

ரீஃபோர்ஜ்தான் என்று முடிவானால் டிங்கரரின் மகிழ்ச்சியைக் கவனியுங்கள். அவர் விலை மகிழ்ச்சியைப் பொறுத்து 75% வரை இறங்கும், 150% வரை ஏறும். அவருக்கு மெக்கானிக் என்றால் உயிர், டை டிரேடரையும் பிடிக்கும், நிலத்தடியில் இருக்கப் பிடிக்கும். ஸ்டைலிஸ்டைப் பக்கத்தில் விடாதீர்கள், ஜங்கிளில் வீடு கட்டாதீர்கள், ஒரே கட்டடத்தில் எல்லோரையும் அடைக்காதீர்கள். மெக்கானிக்கை டஞ்சனிலிருந்து மீட்டு, இருவருக்கும் நிலத்தடியில் அடுத்தடுத்து வீடு கொடுத்த பிறகு பெரிய ரீஃபோர்ஜ்களைத் தொடங்குங்கள். கடற்கொள்ளையரிடமிருந்து டிஸ்கவுன்ட் கார்டு கிடைத்தால் அதை மாட்டிக்கொண்டு அழுத்துங்கள், மேலும் 20% குறையும். நடு ஹார்ட்மோடில் ஐந்து அக்சசரிக்கு 6 பிளாட்டினம் என்று மேலே போட்ட கணக்கு, இந்த இரண்டும் முழுதாகச் சேர்ந்தால் 3.6 பிளாட்டினத்துக்கு வந்துவிடும்.